பழைய சேலையில போர்வை தைச்சு விற்கலாமா? நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்ல, பங்குச்சந்தை இல்ல. உங்க வீட்டு பீரோவைப் பத்திப் பேசப் போறோம்.

பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர்ல இருந்து ஒரு அக்கா ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. சுருக்கமா இதுதான்: "வீட்டுல கட்டாத காட்டன் சேலை நிறைய இருக்கு. தையல் தெரியும். பழைய துணியில க்வில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, தைச்சு விக்கலாம்னு இருக்கேன். துணி ஓசி, அதனால முழுசும் லாபம்தானே? நகையை வச்சு 40,000 ரூபாய்க்கு பவர் மிஷின் வாங்கலாமா?"

நல்ல கேள்வி. இதே யோசனை நிறைய பேருக்கு இருக்கு. பதிலை முதல்லயே சொல்லிடறேன். தொழிலை ஆரம்பிக்கலாம், நகையைத் தொட வேண்டாம். "துணி ஓசி, அதனால முழுசும் லாபம்" அப்படிங்கிற கணக்கு தப்பு. ஏன் தப்புன்னு ஒவ்வொன்னா பார்ப்போம்.

பழைய சேலையோட சந்தை விலை என்ன?

உங்க பழைய சேலைக்கு ஏற்கெனவே ஒரு சந்தை இருக்கு. தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்"னு கூவிட்டு வர்றாரே, அவர்தான் அந்தச் சந்தை. நாலஞ்சு சேலை கொடுத்தா ஒரு பிளாஸ்டிக் டப்போ, சின்ன எவர்சில்வர் கிண்ணமோ கொடுப்பார். அதுவும் ஜரிகை இருக்கா, கிழிசல் இருக்கான்னு விரிச்சுப் பார்த்துட்டுத்தான்.

கணக்குப் பாஷையில இதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு. அந்தச் சேலையை நீங்க போர்வை ஆக்கலைன்னா உங்களுக்குக் கிடைச்சிருக்கக்கூடியது அந்த டப்பா மட்டும்தான். ஆக, துணி கிட்டத்தட்ட ஓசின்னு சொன்னது சரிதான். ஆனா ஒரு போர்வையில துணியோட பங்கு ரொம்பச் சின்னது. பெரிய செலவு உங்க நேரம். அதுக்கு யாரும் பில் போடறதில்ல, அதனால கணக்குல வர்றதே இல்ல.

ஒரு போர்வைக்கு எவ்வளவு துணி?

ஒரு ஆள் போர்த்துற அளவு 5 அடிக்கு 7.5 அடி, அதாவது 60 அங்குலம் × 90 அங்குலம்னு வச்சுக்குவோம். ஒரு அடுக்குக்கு 5,400 சதுர அங்குலம் வேணும். ஐந்தரை மீட்டர் சேலை, அகலம் சுமார் 46 அங்குலம்னா, ஏறக்குறைய 9,900 சதுர அங்குலம் வரும்.

பழைய சேலையில எல்லா இடமும் உதவாது. கொசுவம் வச்ச இடம், பின் குத்தின இடம், உட்கார்ந்து உட்கார்ந்து நைஞ்ச இடம் எல்லாம் கழிச்சுடணும். 30 சதவீதம் கழிவுன்னு எடுத்தாலும், 4 சேலையில 5 அடுக்கு தேறும். மேலே ஒட்டு வேலைக்கு ஒன்னு, அடியில ஒன்னு, நடுவுல மூணு. பஞ்சு வாங்க வேண்டியதில்ல. நம்ம ஊர் வெயிலுக்கு இந்தக் கனமே போதும், துவைச்சாலும் சீக்கிரம் காயும்.

துணி தேர்வுல மூணு விஷயம் பாருங்க. ஒன்னு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. நூல் விலகித் தெரியுற இடத்தை வெட்டி எறியுங்க. இரண்டு, காட்டனையும் பாலியஸ்டரையும் ஒரே போர்வையில கலக்காதீங்க. ஒன்னு சுருங்கும், இன்னொன்னு சுருங்காது, முதல் சலவையிலயே போர்வை கோணிக்கும். மூணு, சாயம் போகுற துணியைத் தனியா ஊற வச்சு, துவைச்சு, காய வச்ச பிறகுதான் வெட்டணும்.

இப்ப நேரத்தைக் கணக்குப் போடுவோம்

கையில தைச்சா, ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் 60 வரிசை ஓட்டுத் தையல் போடணும். ஒவ்வொரு வரிசையும் 90 அங்குலம். அங்குலத்துக்கு 4 தையல்னா வரிசைக்கு 360 தையல். நிமிஷத்துக்கு 12 தையல் போட்டா ஒரு வரிசைக்கு அரை மணி நேரம். 60 வரிசைக்கு 30 மணி நேரம். துவைக்க, வெட்ட, ஒட்டுச் சேர்க்க இன்னொரு 6 மணி நேரம். ஆக 36 மணி நேரம்.

இந்த 36 மணி நேரத்துக்கு என்ன விலை? ஒரு அளவுகோல் சொல்றேன். 2025-26-க்குத் தமிழ்நாட்டுல 100 நாள் வேலைக்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 336 ரூபாய். 8 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 42 ரூபாய். 36 மணி நேரத்துக்கு 1,512 ரூபாய்.

இதை நல்லா கவனிங்க. கையால தைச்ச போர்வையை நீங்க 1,000 ரூபாய்க்கு வித்தா, மண்வெட்டி பிடிக்கிற கூலியை விடக் குறைவாத்தான் சம்பாதிக்கிறீங்க. தையல்ங்கிறது கத்துக்கிட்ட தொழில். அதுக்கு அந்தக் கூலியை விட அதிகமாத்தான் வரணும். ஆனா கடையில, ஆன்லைன்ல மில்லுல செஞ்ச கம்ஃபர்ட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. அந்த விலையோட கைத்தையல் மோதவே முடியாது, மோதவும் கூடாது.

மிஷின்ல தைச்சா? வரிசைக்கு 4 நிமிஷம்னா 60 வரிசைக்கு 4 மணி நேரம். துவைக்க, வெட்ட, ஒட்டுச் சேர்க்க 5 மணி நேரம். ஓரம் கட்ட 1 மணி நேரம். மொத்தம் 10 மணி நேரம். உங்க நேரத்துக்கு மணிக்கு 75 ரூபாய் வைங்க.

உங்க கூலி: 750 ரூபாய்
நூல், ஊசி, சோப்பு, கரண்ட்: 120 ரூபாய்
பேக்கிங், அனுப்புற செலவு: 130 ரூபாய்
அடக்கம்: 1,000 ரூபாய்
25 சதவீத லாபம்: 250 ரூபாய்
விலை: 1,250 ரூபாய்

இது என் உதாரணக் கணக்கு. உங்க வேகம், உங்க ஊர் நூல் விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க. முதல் போர்வை தைக்கும்போது போன்ல நேரத்தைக் குறிச்சு வைங்க. பெரும்பாலும் நீங்க நினைச்சதை விட அதிகமா வரும்.

மிஷினுக்குக் கடன் வேணுமா?

40,000 ரூபாய், 12 சதவீத வட்டி, 24 மாசம்னா மாசத் தவணை 1,883 ரூபாய். மேலே பார்த்த 250 ரூபாய் லாபத்துல இதைக் கட்டணும்னா மாசம் 8 போர்வை விக்கணும். அதாவது 80 மணி நேர வேலை. விக்கிற இடமே இன்னும் உறுதியாகாத நிலையில, மாசம் 8 போர்வையை நம்பித் தவணையை ஏத்துக்கிறது சரியில்ல. விக்காத மாசம் உங்க கூலியில இருந்துதான் தவணை போகும். நகைக்கடன்ல தவறினா நகை ஏலத்துக்குப் போகும்.

சேலை 5 அடுக்கைத் தைக்க பவர் மிஷின் கட்டாயமும் இல்ல. வீட்டுல இருக்கிற கால் மிஷினே போதும். ஊசியை மட்டும் 16-ம் நம்பருக்கு மாத்துங்க, தையலைக் கொஞ்சம் நீளமா வைங்க. அடுக்குகள் நகருதுன்னா முதல்ல பெரிய பெரிய தையலாக் கையால கட்டிட்டு, அப்புறம் மிஷின்ல ஓட்டுங்க. முதல் 10 போர்வை கால் மிஷின்லயே தைச்சு, வித்து, காசு கைக்கு வரட்டும். ஆர்டர் தேங்கி நின்னா அப்ப பெரிய மிஷினைப் பத்திப் பேசலாம்.

அப்ப கூட நகை கடைசிதான். முத்ரா திட்டத்துல சிசு பிரிவு 50,000 ரூபாய் வரைக்கும் அடமானம் இல்லாத கடன். உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் கமிஷன் கொடுக்காதீங்க. தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல கடன் 3 லட்சம் வரைக்கும், மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய். உங்க வயசும் தொழிலும் தகுதிக்குள்ள வருதான்னு பெரம்பலூர் மாவட்டத் தொழில் மையத்துல நேர்லயே கேட்டுக்குங்க. கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள் மாதிரியானவங்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் இருக்கு. இவ்வளவு வழி இருக்கும்போது தாலிச்சங்கிலியைக் கழட்ட வேண்டிய அவசியம் இல்ல.

மத்த ஊர்ல இதை எப்படிச் செஞ்சாங்க?

பழைய துணியை அடுக்கித் தைக்கிறது ஒன்னும் புதுசு இல்ல. நம்ம வீட்டுலயே பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கப் பாட்டியோட பழஞ்சேலையைத்தானே மடிச்சுப் போடுவோம்? வங்காளத்துல இதுக்குப் பேரு காந்தா. பழைய சேலைக் கரையில இருந்து உருவின நூலாலயே தைப்பாங்க. பீகார்ல சுஜனி, மகாராஷ்டிரத்துல கோதடி, கர்நாடகத்துல கவுதி. இதுல பீகார் சுஜனி புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு.

பக்கத்து மாநிலத்துல வட கன்னட மாவட்டத்துல சித்தி இன மக்கள் இருக்காங்க. ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வம்சாவளி. அவங்க பெண்கள் தைக்கிறது கவந்தி. ஓரத்துல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நாலு மூலையிலயும் துணியை மடிச்சுப் பூ மாதிரி ஒன்னு வைப்பாங்க. அது இல்லைன்னா போர்வை முழுமை இல்லன்னு அர்த்தம். இன்னிக்கு அந்த கவந்தி வெளிநாட்டுக் கண்காட்சி வரைக்கும் போகுது. வாங்குறவங்க கதகதப்புக்காக மட்டும் வாங்கல. இதை இவங்களைத் தவிர வேற யாரும் செய்ய மாட்டாங்கங்கிறதுக்காக வாங்குறாங்க.

நம்ம பக்கத்துல ஆரோவில்ல ஒரு உதாரணம் இருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு, உபாசனா அப்படிங்கிற வடிவமைப்பு நிறுவனம் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில குட்டிப் பொம்மை செய்யக் கத்துக் கொடுத்தது. பேரு சுனாமிகா. அந்தப் பொம்மையை விலைக்கு விக்கல, அன்பளிப்பாக் கொடுத்தாங்க. நன்கொடை வந்த பணத்துல பெண்களுக்குக் கூலி போச்சு. துணி கழிவுதான். அதுக்கு மதிப்பைக் கொடுத்தது அதோட கதை.

மூணாவது உதாரணம் அமெரிக்கா. அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். அடிமைகளா இருந்தவங்களோட வாரிசுகள், கறுப்பினப் பெண்கள், வயல்ல போட்டுக் கிழிஞ்ச பேண்ட் சட்டையில க்வில்ட் தைச்சாங்க. 1966-ல அந்தப் பகுதியில ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ அப்படிங்கிற கூட்டுறவு அமைப்பு உருவாச்சு. 2002-ல அவங்க க்வில்ட்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துலயும், நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துலயும் ஓவியம் மாதிரி சுவர்ல தொங்கிச்சு. 2006-ல அமெரிக்க அஞ்சல் துறை அந்த வடிவங்களைத் தபால்தலையா வெளியிட்டது.

ஆனா கதை அங்க முடியல. 2007-ல அந்தப் பெண்கள்ல சிலர், தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரலைன்னு வழக்குப் போட்டாங்க. அடுத்த வருஷம் அது முடிவுக்கு வந்தது. ஒரு சிஏவா எனக்கு இதுல முக்கியமாப் படுறது இதுதான்: வேலை எவ்வளவு புகழ் வாங்கினாலும், யாருக்கு எவ்வளவுன்னு முதல் நாளே எழுதி வைக்கலைன்னா பின்னாடி மனஸ்தாபம்தான். நீங்க பக்கத்து வீட்டு நாலு பேரோட சேர்ந்து தைக்கப் போறீங்கன்னா, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்க. யார் எத்தனை மணி நேரம், யார் துணி, யார் நூல், வித்த காசு எப்படிப் பிரியும். அண்ணி தங்கச்சியா இருந்தாலும் எழுதுங்க.

அப்ப எதை விக்கணும்?

மில்லால செய்ய முடியாததை விக்கணும். மில் போர்வையை நிமிஷத்துல அடிச்சுத் தள்ளும். ஆனா தவறிப்போன அப்பாவோட சட்டையை எந்த மில்லும் போர்வை ஆக்காது. பாட்டியோட சுங்குடிச் சேலையில பேரனுக்குத் துணி மெத்தை, வெளிநாடு போற பொண்ணுக்கு அம்மாவோட புடவைப் போர்வை, பள்ளி முடிச்ச பையனோட சீருடையில ஒரு விரிப்பு. துணி வாடிக்கையாளரோடது. நீங்க விக்கிறது உங்க தையலை மட்டும்தான்.

விலை எப்படி? பேசி வடிவம் முடிவு பண்ண, கவனமா வெட்ட நேரம் கூடும். 16 மணி நேரம் × 75 = 1,200. புது அடித்துணி, பஞ்சு 700. பேக்கிங் 100. அடக்கம் 2,000. லாபம் 25 சதவீதம் சேர்த்து 2,500 ரூபாய். இங்க மில் விலையோட யாரும் ஒப்பிட மாட்டாங்க.

சிறுவாச்சூருக்கு இதுல ஒரு தனி வசதி இருக்கு. மதுரகாளியம்மன் கோயில் வழக்கமா நடை திறக்கிறது திங்களும் வெள்ளியும்தான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில இருக்கிற ஊர், அந்த ரெண்டு நாளும் குலதெய்வம் கும்பிட வெளியூர்ல இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. மொட்டை, காதுகுத்துன்னு கைக்குழந்தையோட வர்றவங்க உங்களோட இயல்பான வாடிக்கையாளர். உடனே தரை வாடகை கொடுத்துக் கடை போடச் சொல்லல. ரெண்டு மூணு மாதிரி குழந்தை மெத்தை தைச்சு, ஏற்கெனவே கடை வச்சிருக்கிற தெரிஞ்சவங்ககிட்ட வைங்க, கூடவே உங்க போன் நம்பர் போட்ட அட்டை. நாலு வாரம் பாருங்க. எத்தனை பேர் எடுத்துப் பார்த்தாங்க, எத்தனை பேர் கூப்பிட்டாங்கன்னு எழுதுங்க. அதுதான் உங்க சந்தை ஆய்வு. செலவு சில நூறு ரூபாய்.

ஆர்டர் எடுக்கும்போது நாலு விதி வைங்க. பாதிப் பணம் முன்பணம். கொடுத்த துணியை எல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி "வெட்டலாம்"னு எழுத்துல பதில் வாங்கிட்டுத்தான் கத்தரியைத் தொடணும், வெட்டின துணி திரும்ப சட்டை ஆகாது. மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்கணும். சாயம் போனா யார் பொறுப்புன்னு முன்னாடியே சொல்லிடணும்.

ஜிஎஸ்டி, வருமான வரி பயம் வேண்டாம்

உங்க சேலையில நீங்களே போர்வை தைச்சு வித்தா அது பொருள் விற்பனை. தமிழ்நாட்டுல ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு. வாடிக்கையாளர் துணியை வாங்கித் தைச்சுக் கொடுத்தா அது பொதுவா சேவை. அதுக்கு வரம்பு 20 லட்சம். ரெண்டும் கலந்து செஞ்சா கவனமா இருங்க.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. சேவைன்னா, 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் பெங்களூர்க்காரருக்குத் தைச்சு அனுப்பினாலும் பதிவு தேவையில்ல. பொருளை வெளி மாநிலத்துக்கு வித்தா, தொகை சின்னதா இருந்தாலும் பொதுவாப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்குச் சில விலக்கு உண்டு, உங்க பொருள் அந்தப் பட்டியல்ல வருதான்னு பார்த்துட்டு அனுப்புங்க. பதிவு பண்ணினவங்களுக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் காட்டன் க்வில்ட் ஒன்னு 2,500 ரூபாய்க்குள்ள இருந்தா 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம்.

வருமான வரியில 44ஏடின்னு நாம பழகின அனுமான வருமான முறை இருக்கு. யூபிஐ, வங்கி வழியா வந்த விற்பனையில குறைஞ்சது 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் வருமானமாக் காட்டலாம். பெரிய கணக்குப் புத்தகம் வேண்டாம். இந்த அளவு வருமானத்துக்கு வரி வராது. ஆனா ரிட்டர்ன் தாக்கல் பண்ணுங்க. ரெண்டு வருஷ ரிட்டர்ன் கையில இருந்தா, நாளைக்கு வங்கியில நகை இல்லாமலே கடன் கேட்க முடியும். அதுக்காகவே தொழிலுக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கும் தனி யூபிஐயும் வைங்க. வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே டப்பாவுல இருந்தா, லாபமா நஷ்டமான்னு உங்களுக்கே தெரியாது.

விக்கவே வேண்டாம், வீட்டுக்குத் தைக்கிறேன்னா?

தாராளமா தைங்க. அங்க கூலிக் கணக்கே வேண்டாம். 4 சேலை, 120 ரூபாய் நூல், சாயந்தர நேரம், அவ்வளவுதான். ஒரு போர்வை வாங்குற செலவு மிச்சம். அந்தப் பணத்தை மறக்காம ஆர்டியில போடுங்க, ஏன்னா எடுத்து வைக்காத மிச்சம் எங்கேயாவது செலவாயிடும். பருத்தி விளையுற மாவட்டத்துல இருந்துக்கிட்டு, பாலியஸ்டர் போர்வையைத் தவணையில வாங்குறதை விட இது நல்லது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னு. ஒரு போர்வை, போன்ல நேரக் கணக்கு. மணி நேரத்தை 75-ஆல பெருக்குங்க, செலவைக் கூட்டுங்க, கால் பங்கு லாபம் சேருங்க. வர்ற விலையைச் சொல்லி ரெண்டு தெரியாதவங்ககிட்ட வாங்குவீங்களான்னு கேளுங்க. சொந்தக்காரங்ககிட்ட கேட்காதீங்க, அவங்க "நல்லாருக்கு, ஓசியாக் கொடு"ம்பாங்க. தெரியாதவங்க காசை எடுத்து நீட்டினா, உங்களுக்குத் தொழில் இருக்கு. இல்லைன்னா, உங்களுக்கு ஒரு நல்ல போர்வை இருக்கு. ரெண்டுலயும் நகை பீரோவுலயே இருக்கும்.

விலைக் கணக்குப் போடற எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோவுல காட்டறேன். நேரத்தைக் குறிச்சு வச்சுட்டு வாங்க, சேர்ந்து போடலாம்.